ஓரத்துல இருக்கற நம்பர முதல்ல படிங்க: கார்டு கேம் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. ஒரு கார்டு நல்லதா மொக்கையான்னு எப்படி கண்டுபிடிக்கறது. மேஜிக் ஆடறவங்க, போக்கிமான் ஆடறவங்க, யூ-கி-ஓ ஆடறவங்க எல்லாருக்கும் இதே சந்தேகம் இருக்கறதால மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், மேஜிக் த கேதரிங் ஆட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. எந்த கார்ட கைல எடுத்தாலும் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது, டெக்ல (நம்ம கார்டு கட்டுல) போட்டு ஆடும்போதுதான் மொக்கைன்னு புரியுது. படிக்கும்போதே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு. கார்டுல எழுதியிருக்கறத கடைசியா படிங்க, ஓரத்துல இருக்கற காஸ்ட்ட, அதாவது அத போட ஆகற செலவ, முதல்ல படிங்க. நாம எல்லாரும் இத தலைகீழா பண்றோம், "அடேங்கப்பா இது இவ்ளோ செய்யுதா"ன்னு மனசு அங்கயே விழுந்துடுது, அதுக்கு நாம என்ன குடுக்கறோம்னு பாக்கறதே இல்ல.

1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்ட் டிசைன்ல வந்த மேஜிக்கோட முதல் செட் ஆல்ஃபாலயே இதுக்கு ஒரு அருமையான பாடம் இருக்கு. அஞ்சு கலர், கலருக்கு ஒரு கார்டு, அஞ்சுக்கும் காஸ்ட் ஒரே ஒரு மானா (கார்ட போட செலவழிக்கற சக்தி), அஞ்சும் ஏதோ ஒண்ண மூணு மூணா குடுக்கும். ஹீலிங் சால்வ் மூணு லைஃப் குடுக்கும், இல்லன்னா மூணு டேமேஜ தடுக்கும். ஜயன்ட் க்ரோத் ஒரு கிரீச்சருக்கு (நமக்காக சண்ட போடற உயிரினம்) அந்த டர்ன் முடியற வரைக்கும் +3/+3, அதாவது அடிக்கற பலம் மூணு, தாங்கற பலம் மூணு கூடும். லைட்னிங் போல்ட் மூணு டேமேஜ். டார்க் ரிச்சுவல் மூணு கருப்பு மானா. ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூணு கார்டு டிரா. பேப்பர்ல பாத்தா அஞ்சும் சமம்தான?

இப்ப ஆடி பாருங்க. ஹீலிங் சால்வ போட்டா தொடக்கத்துல இருக்கற உங்க 20 லைஃப் 23 ஆகுது, ஆனா கைல ஒரு கார்டு போச்சு, எதிராளியோட கிரீச்சர் எல்லாம் அப்படியே நிக்குது, அடுத்த அடில அந்த மூணும் போயிடும். ஜயன்ட் க்ரோத் போட உங்க கிட்ட ஒரு கிரீச்சர் இருந்தாகணும், அதுவும் நீங்க அத போடும்போது எதிராளி பதிலுக்கு அந்த கிரீச்சர கொன்னுட்டா உங்களுக்கு ரெண்டு கார்டு காலி, அவருக்கு ஒண்ணுதான். லைட்னிங் போல்ட் எந்த நேரத்துல கைக்கு வந்தாலும் வேல செய்யும், சின்ன கிரீச்சர கொல்லும், கொல்ல எதுவும் இல்லன்னா நேரா எதிராளி மேலயே போடலாம். டார்க் ரிச்சுவல் நிகரமா ரெண்டு மானா லாபம், ஆனா ஒரு தடவதான், அந்த மானால போட கைல பெருசா ஒண்ணு இல்லன்னா அது வெத்து கார்டு. ஆன்செஸ்ட்ரல் ரீகால் மட்டும் ஒண்ணு குடுத்து மூணு வாங்குது, அதுக்கு வேற எதுவும் தேவையே இல்ல, முதல் டர்ன்லயும் நல்லது, கடைசி டர்ன்லயும் நல்லது. அதனாலதான் வின்டேஜ்ங்கற ஃபார்மட்ல (எந்தெந்த கார்ட வெச்சு ஆடலாம்னு சொல்ற ஆட்ட வகை) அத டெக்குக்கு ஒண்ணுக்கு மேல வெச்சுக்க விடறதில்ல. ஹீலிங் சால்வ போய் யாரும் தடை பண்ணப் போறதில்ல.

காஸ்ட்னா ஓரத்துல இருக்கற மானா மட்டும் இல்லன்னு இதுல இருந்தே புரியும். அந்த கார்டே ஒரு செலவு, அத போட நீங்க விட்டுக்குடுக்கற டர்ன் ஒரு செலவு, அது வேல செய்ய முன்னாடியே மேஜைல என்ன இருக்கணும்ங்கறதும் செலவுதான். இத எல்லாம் கூட்டி வெச்சுட்டு அப்புறம் கீழ எழுதியிருக்கறத படிங்க.

கேள்வி: வணக்கம். என் பையனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் போக்கிமானோட பழைய பேஸ் செட் கார்டுகள மட்டும் வெச்சு அந்த காலத்து ரூல்லயே ஆடறாங்க. இவன் டெக்ல சாரிசார்ட் இருக்கு, 120 ஹெச்பி (அடி தாங்கற அளவு), 100 டேமேஜ், எல்லாரும் அதான் பெஸ்ட்டுங்கறாங்க. ஆனா ஹிட்மான்சான் எலக்டாபஸ் வெச்சிருக்கற பையன் கிட்ட தோத்துட்டே இருக்கான். டெக்ல தப்பா, இவன் ஆடறதுல தப்பா?

பதில்: ரெண்டுலயும் பெரிய தப்பு இல்லம்மா, அந்த கார்ட பத்தின எண்ணத்துலதான் தப்பு. எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சாரிசார்ட்டோட ஃபயர் ஸ்பின் 100 டேமேஜ், அந்த செட்ல அது பயங்கரமான நம்பர். ஆனா அதுக்கு நாலு ஃபயர் எனர்ஜி (அடிக்க தேவையான சக்தி கார்டு) வேணும். ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிதான் வைக்க முடியும், அப்ப நாலு டர்ன். சார்மாண்டர் இறக்கி, அடுத்த டர்ன் அத சார்மீலியனா வளத்து, அதுக்கடுத்த டர்ன் சாரிசார்ட்டா வளக்கணும், இதுக்கு மூணு கார்டும் வரிசையா கைக்கு வரணும். வந்து, நாலாவது டர்ன்ல 100 அடிச்சாச்சு, சரி, ஆனா அடிக்கறதுக்கு ரெண்டு எனர்ஜி கார்ட தூக்கி போடணும்னு அதுலயே எழுதியிருக்கு. மிச்சம் ரெண்டு. அடுத்த டர்ன் ஒண்ணு வெச்சா மூணு, அடிக்க முடியாது. அதுக்கும் அடுத்த டர்ன்தான் நாலு ஆகும். ஆக அது ஒண்ணு விட்டு ஒரு டர்ன் 100 அடிக்கற கார்டு, சராசரிக்கு டர்னுக்கு 50, அதுவும் நாலாவது டர்ன்ல இருந்துதான்.

எதிர்ல இருக்கற ஹிட்மான்சான பாருங்க. 70 ஹெச்பி, பேசிக் போக்கிமான் (வேற எதுல இருந்தும் வளக்காம நேரா இறக்கலாம்), ஒரே கார்டு. ஒரு ஃபைட்டிங் எனர்ஜிக்கு ஜாப் 20 டேமேஜ், முதல் எனர்ஜி வெச்ச உடனே அடி ஆரம்பம். உங்க பையனோட சார்மாண்டருக்கு 50 ஹெச்பி. ரெண்டு டர்ன் ஜாப் 40, அதோட ஒரு ப்ளஸ்பவர் சேத்தா 50, முடிஞ்சது. சார்மாண்டர பின்னாடி பெஞ்ச்ல ஒளிச்சு வெச்சாலும் கஸ்ட் ஆஃப் விண்ட்ன்னு ஒரு ட்ரெய்னர் கார்டு அத முன்னாடி இழுத்துட்டு வந்துடும். சாரிசார்ட் வர்றதுக்குள்ளயே அதோட அஸ்திவாரம் போயிடுது.

ஒண்ணு நியாயமா சொல்லணும். சாரிசார்ட் ஆகிட்டா அதுக்கு ஃபைட்டிங் மேல 30 ரெசிஸ்டன்ஸ் இருக்கு (அந்த வகை அடில 30 குறையும்), ஹிட்மான்சானோட ஜாப் அது மேல எடுபடவே எடுபடாது, மூணு எனர்ஜி போட்டு அடிக்கற 40 டேமேஜ் ஸ்பெஷல் பன்ச் கூட 10தான் ஆகும். அது உண்மையான பலம். அப்புறம் எனர்ஜி பர்ன்ங்கற பவர், மேல இருக்கற எந்த எனர்ஜியையும் ஃபயரா மாத்திக்கலாம், அதனால ஒரு கார்டே ரெண்டு எனர்ஜியா கணக்காகற டபுள் கலர்லெஸ் எனர்ஜி ரெண்டு வெச்சா நாலு ஃபயர் கணக்கு ஆயிடும், ஒரு டர்ன் முன்னாடியே அடிக்கலாம். உங்க பையன் இத பண்றானான்னு கேளுங்க. ஆனா அதுலயும் ஒரு வலி இருக்கு, தூக்கி போட வேண்டியது ரெண்டு எனர்ஜி கார்டு, அந்த ரெண்டுமே டபுள் கலர்லெஸ்ஸா இருந்தா ஒரே அடில எல்லாம் காலி. டெக்ல அது நாலுதான் வெச்சுக்க முடியும்.

எதிர்ல இருக்கற பையன் கிட்ட எலக்டாபஸும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ரெசிஸ்டன்ஸ் பிரச்சன வந்தா அத இறக்கி விடுவான், ரெண்டு எனர்ஜிக்கு 30, காயின்ல ஹெட்ஸ் விழுந்தா 40. நடுவுல, வெச்ச எனர்ஜில ஒண்ண கழட்டற எனர்ஜி ரிமூவல் ட்ரெய்னர் ஒண்ணு போட்டான்னா நாலு எனர்ஜி சேக்கற சாரிசார்ட்டுக்கு ஒரு டர்னே வீண். ஒரே எனர்ஜில அடிக்கற ஹிட்மான்சானுக்கு அதே கார்ட போட்டா பெருசா வலிக்காது. அந்த காலத்து ட்ரெய்னர் கார்டுகளுக்கு டர்னுக்கு இத்தனைதான்னு கணக்கும் கிடையாது, அதனால சின்ன பேசிக் போக்கிமான்களும் நிறைய ட்ரெய்னரும் வெச்ச டெக்தான் அப்ப ராஜா, ஹேமேக்கர்ன்னு அதுக்கு பேரு.

அவன் சாரிசார்ட்ட விட வேண்டாம். முன்னாடி நின்னு அடி வாங்க கொஞ்சம் நல்ல பேசிக் போக்கிமான் சேத்துக்கட்டும், சார்மாண்டர் மூணு நாலு காப்பி வெச்சுக்கட்டும், சாரிசார்ட்ட ஆட்டத்த ஆரம்பிக்கற கார்டா நினைக்காம முடிச்சு வைக்கற கார்டா நினைக்கட்டும்.

கேள்வி: ரேர் கார்டுன்னா பலமான கார்டுதான?

பதில்: இல்ல. லைட்னிங் போல்ட் காமன், ஸ்கல்கிளாம்ப் அன்காமன், ரெண்டையும் பத்தி இந்த பக்கத்துலயே பேசறேன். பாக்கெட்ல எவ்ளோ அரிதா வருதுங்கறது வேற, மேஜைல என்ன செய்யுதுங்கறது வேற.

கேள்வி: அண்ணா, கார்டுலயே நமக்கு கெடுதல்னு எழுதியிருந்தா, அதாவது லைஃப் போகும், கைல இருக்கறத எல்லாம் தூக்கி போடணும், கிரீச்சர் பலவீனமாகும் இந்த மாதிரி, அத ஒதுக்கிடலாமா? நான் அப்படித்தான் பண்றேன்.

பதில்: வேண்டாம் தம்பி, மேஜிக் வரலாத்துலயே ரொம்ப பயங்கரமான கார்டுகள் சிலது அந்த மாதிரி ஒதுக்கப்பட்டதுங்கதான்.

1995ல ஐஸ் ஏஜ் செட்ல நெக்ரோபோட்டன்ஸ் வந்துச்சு. மூணு கருப்பு மானா. இத போட்டா உங்க டர்ன்ல வழக்கமா எடுக்கற கார்ட எடுக்க முடியாது, அதுக்கு பதிலா ஒரு லைஃப் குடுத்தா ஒரு கார்டு எடுத்து வெச்சு டர்ன் முடியும்போது கைக்கு கொண்டு வரலாம், எத்தன தடவ வேணும்னாலும். முதல்ல படிச்ச நிறைய பேர் "டிரா போச்சு, லைஃபும் போச்சு, இது எதுக்கு"ன்னு தள்ளிட்டாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, 20 லைஃப்ல கடைசி ஒண்ணு போனாதான் நீங்க தோக்கறீங்க, மிச்சம் 19 சும்மா இருக்கற நம்பர், அத கார்டா மாத்திக்க ஒரு வழி கெடச்சிருக்கு. ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூணு கார்டு குடுக்கறதுக்கே அவ்ளோ கட்டுப்பாடுன்னா ஒரே டர்ன்ல ஏழு எட்டு கார்டு எடுக்கறத என்னன்னு சொல்றது. மேல சொன்ன டார்க் ரிச்சுவல் இங்கதான் வருது, முதல் டர்ன்ல ஒரு லேண்ட் (மானா தர்ற கார்டு), ஒரு ரிச்சுவல், மூணு கருப்பு மானா, நெக்ரோபோட்டன்ஸ் இறங்கிடும். 1996 கோடைல போட்டிகள்ல எங்க பாத்தாலும் இந்த டெக்தான், பிளாக் சம்மர்ன்னே பேரு வெச்சுட்டாங்க.

ஸ்கல்கிளாம்ப் இன்னும் அழகு. 2004, டார்க்ஸ்டீல் செட். ஒரு மானாக்கு இறக்கலாம், ஒரு மானாக்கு கிரீச்சர் மேல மாட்டலாம், மாட்டினா +1/-1, அந்த கிரீச்சர் செத்தா ரெண்டு கார்டு டிரா. அந்த -1 பாத்தா குறை மாதிரி தெரியும். ஆனா டஃப்னெஸ், அதாவது தாங்கற பலம், 1 இருக்கற குட்டி கிரீச்சர் மேல மாட்டினா அது அந்த நிமிஷமே சாகும், ரெண்டு கார்டு வரும், அதுல இன்னொரு குட்டி கிரீச்சர் இருக்கும், அத இறக்கி மறுபடி மாட்டு, மறுபடி ரெண்டு கார்டு. டர்னுக்கு எத்தன மானா இருக்கோ அவ்ளோ ஓட்டலாம். குறைன்னு நினைச்ச நம்பர்தான் மொத்த இன்ஜினும். எதிராளி உங்க கிரீச்சர கொல்லவும் முடியாது, கொன்னா உங்களுக்கு ரெண்டு கார்டு. வந்த சில மாசத்துலயே, அதே 2004 ஜூன்ல, ஸ்டாண்டர்ட் ஃபார்மட்ல தடை.

லயன்ஸ் ஐ டைமண்ட் 1996ல வந்தது. காஸ்ட் பூஜ்யம், அத பலி குடுத்து கைல இருக்கற மொத்த கார்டையும் தூக்கி போட்டா மூணு மானா. கைல ஒண்ணுமே இல்லாதப்ப மூணு மானா எதுக்கு? கேள்வி சரிதான், ஆனா விடை வர பல வருஷம் ஆச்சு. 2006ல இன்ஃபெர்னல் ட்யூட்டர்ன்னு ஒரு கார்டு வந்துச்சு, கை காலியா இருந்தா டெக்ல இருந்து எத வேணும்னாலும் தேடி எடுக்கலாம். ட்யூட்டர போட்டுட்டு, அது நடக்கறதுக்கு முன்னாடி டைமண்ட உடைச்சா கை காலியாகுது, மூணு மானாவும் வருது, தேடி எடுத்த கார்ட அந்த மானாலயே போடலாம். ரெண்டு கார்டோட "கெடுதலும்" ஒண்ண ஒண்ணு தூக்கி விடுது.

அதனால கெடுதல பாத்தா "இது எனக்கு உண்மைலயே வலிக்குமா, எந்த நேரத்துல வலிக்காது"ன்னு கேளுங்க. நிறைய கார்டுல வலிக்கும்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா கேக்காம தள்ளாதீங்க.

கேள்வி: யூ-கி-ஓல மானாவே கிடையாதே, அப்ப காஸ்ட்ட எங்க போய் பாக்கறது?

பதில்: மானா இல்லாததாலதான் அங்க கார்டு எண்ணிக்கை ரொம்ப முக்கியம். டர்னுக்கு ஒரு நார்மல் சம்மன் (கைல இருந்து மான்ஸ்டர வழக்கமா இறக்கறது), அது ஒரு காஸ்ட். புளூ ஐஸ் ஒயிட் டிராகன் அட்டாக் 3000, ஆனா லெவல் 8, வழக்கமான வழில இறக்கணும்னா ரெண்டு மான்ஸ்டர பலி குடுக்கணும், ஆக மூணு கார்டு சேந்து ஒரு உடம்பு. எதிராளி ரைகெகின்னு ஒரே ஒரு கார்டு போட்டா உங்க பக்கம் இருக்கற மான்ஸ்டர் எல்லாம் போச்சு. அதுக்கு துணையா நிறைய கார்டு வந்திருக்கறதால அத சுத்தி டெக் கட்டலாம், தனியா மூணு டிராகன தூக்கி டெக்ல போட்டா நடக்காது.

பாட் ஆஃப் க்ரீட் ரெண்டே ரெண்டு கார்டு டிரா பண்ணும், ஒண்ணும் கேக்காது, அதனாலயே ஃபர்பிடன் லிஸ்ட்ல (போட்டில வெச்சுக்கவே கூடாத கார்டுகளோட பட்டியல்) இருக்கு. அதுக்கு எதிர் பாட் ஆஃப் டிசையர்ஸ், அதுவும் ரெண்டு டிரா, ஆனா டெக்ல மேல இருக்கற பத்து கார்ட திருப்பி கூட பாக்காம நாடு கடத்தணும், அதாவது ஆட்டத்த விட்டே வெளிய வைக்கணும். பத்து கார்டுன்னு படிச்சா பதறுது, ஆனா அந்த பத்தும் எப்படியும் நீங்க அந்த ஆட்டத்துல எடுக்கப் போறதில்லன்னா செலவே கம்மி, டெக்ல ஒத்த காப்பி கார்டுகள நம்பி இருந்தீங்கன்னாதான் உயிர் போகும். அதாவது ஒரே கார்டு, ஒரு டெக்ல இலவசம், இன்னொரு டெக்ல தற்கொல.

அப்ஸ்டார்ட் காப்ளின் ஒரு கார்டு எடுத்துக்க, எதிராளிக்கு 1000 லைஃப் பாயிண்ட் குடுன்னு சொல்லுது. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கினா என்ன லாபம்ங்கறீங்களா? 40 கார்டு டெக்ல மூணு வெச்சா டெக்கே 37 கார்டு மாதிரி ஆயிடும், உங்களுக்கு வேண்டிய கார்டு சீக்கிரம் வரும். இதுக்கு ஒரு கணக்கு சொல்றேன்: மூணு காப்பி வெச்ச கார்டு முதல்ல கைக்கு வர்ற அஞ்சு கார்டுல ஒண்ணாவது வர்ற வாய்ப்பு 40 கார்டு டெக்ல கிட்டத்தட்ட 34 சதவீதம், அதே டெக்க 60 ஆக்கினா 23. நல்ல கார்டுங்கறதுல பாதி, அது கைக்கு வர்றதுதான்.

கேள்வி: நானும் என் ரூம்மேட்டும் எப்பவும் ஒரே சண்ட. நான் எந்த பெரிய கிரீச்சர டெக்ல போட்டாலும் "அது ரிமூவல்ல (கிரீச்சர கொல்ற கார்டுல) செத்துடும், வேஸ்ட்டு"ங்கறான். பேன்ஸ்லேயர் ஏஞ்சல கூட வேஸ்ட்டுங்கறான். யார் சொல்றது சரி?

பதில்: அவர் சொல்ற காரணம் பாதி சரி, முடிவு தப்பு. சாகாத கிரீச்சர் ரொம்ப கம்மி, செத்துடும்ங்கறத வெச்சு பாத்தா எதையுமே போட முடியாது. கேக்க வேண்டியது ரெண்டு: செத்தா எனக்கு என்ன மிச்சம், சாகலன்னா என்ன ஆகும்?

பேன்ஸ்லேயர் ஏஞ்சல் அஞ்சு மானா, 5/5, பறக்கும், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (சண்டைல முதல்ல அடிக்கும்), லைஃப்லிங்க் (அடிக்கற அளவு நமக்கு லைஃப் ஏறும்). அது வந்த அதே மேஜிக் 2010 செட்லயே டூம் பிளேட்டும் இருக்கு, ரெண்டு மானாக்கு கருப்பு இல்லாத எந்த கிரீச்சரையும் கொல்லும். உங்க அஞ்சு மானா டர்ன் அவரோட ரெண்டு மானால போச்சு, மிச்ச மானால அவர் வேற ஏதாவது இறக்கிடுவார், உங்க கிட்ட ஒண்ணும் இல்ல. இது நிஜமான பலவீனம். மல்டிரிஃப்டர பாருங்க, அதுவும் அஞ்சு மானா, 2/2 பறக்கும், வந்த உடனே ரெண்டு கார்டு டிரா. அத கொன்னாலும் ரெண்டு கார்டு ஏற்கனவே கைல இருக்கு. செத்தா மிச்சம்ங்கற கேள்வில மல்டிரிஃப்டர் ஜெயிக்குது.

சாகலன்னா? மல்டிரிஃப்டர் டர்னுக்கு ரெண்டு அடிக்கும். ஏஞ்சல் அஞ்சு அடிச்சு உங்களுக்கு அஞ்சு ஏத்தும், ஒரே அடில பத்து வித்தியாசம், ரெண்டு டர்ன் தாங்கினா எதிராளி எழுந்திரிக்கறது கஷ்டம். அதனால எதிர் டெக்ல ரிமூவல் எவ்ளோ இருக்கு, அத வேற எதுலயாவது செலவழிக்க வைக்க உங்க டெக்ல வேற தொல்ல குடுக்கற கிரீச்சர் இருக்கா, இத பொறுத்துதான் விடை. உங்க டெக் முழுக்க கிரீச்சரே இல்லாம ஏஞ்சல் மட்டும் தனியா இருந்தா எதிராளி கைல சும்மா தூங்கிட்டிருக்கற ரிமூவல் எல்லாம் அதுக்கே காத்திருக்கும், அப்ப ரூம்மேட் சொல்றது சரி. ரெண்டு மூணு நாலு மானால எல்லாம் கொல்லாம விட முடியாத கிரீச்சரா இறக்கிட்டு அஞ்சாவதா அது வந்தா நீங்க சொல்றது சரி.

கேள்வி: ஜெயிக்கும்போது மட்டும் செமயா வேல செய்யற கார்டுகள என்ன பண்றது?

பதில்: பெரும்பாலும் எடுத்துடுங்க. எந்த கார்டையும் நாலு நேரத்துல வெச்சு பாக்கணும், ஆட்டம் தொடங்கும்போது, ரெண்டு பேரும் சமமா மொறச்சுட்டு நிக்கும்போது, நாம முந்தும்போது, நாம தோக்கும்போது. ஏற்கனவே ஜெயிக்கற ஆட்டத்த இன்னும் பெருசா ஜெயிக்கறதுக்கு பரிசு எதுவும் இல்லயே.

ஆனா அவசரப்பட்டு முத்திர குத்தாதீங்க. ஓவர்ரன்ன எடுத்துக்கங்க, அஞ்சு மானா, உங்க கிரீச்சர் எல்லாத்துக்கும் அந்த டர்ன் +3/+3, ட்ராம்பிள் (தடுக்கற கிரீச்சர் தாங்கினது போக மிச்ச அடி எதிராளி மேல போகும்). கிரீச்சர் இல்லாம தோத்துட்டிருக்கும்போது அது வெறும் அட்ட, தொடக்கத்துலயும் வெறும் அட்ட. ஆனா ரெண்டு பக்கமும் நாலு நாலு கிரீச்சர் நின்னு யாருமே அடிக்க முடியாத நேரத்துல அது ஆட்டத்தயே முடிக்குது, அந்த நேரம் நிறைய ஆட்டத்துல வரும், அதனால அது நல்ல கார்டு. ராத் ஆஃப் காட் அப்படியே எதிர்ப்பக்கம், நாலு மானா, மேஜைல இருக்கற எல்லா கிரீச்சரும் காலி. தோக்கும்போது அத விட நல்ல கார்டு கிடையாது, ஜெயிக்கும்போது கைலயே கிடக்கும். கிரீச்சர் டெக்ல ராத்தும், கிரீச்சர் கம்மியா வெச்சு எதிராளிய தடுத்தே ஆடற கன்ட்ரோல் டெக்ல ஓவர்ரன்னும் வெச்சா ரெண்டு நல்ல கார்டும் மொக்கையாயிடும்.

கேள்வி: ரெண்டு கார்டு சேந்தா உடனே ஜெயிக்கற கோம்போ ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். தனித்தனியா அந்த ரெண்டும் ஒண்ணும் செய்யாது. போடலாமா?

பதில்: கணக்க பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. மேஜிக்ல 60 கார்டு டெக், ஒவ்வொண்ணுலயும் நாலு காப்பி வெச்சாச்சு. முதல் ஏழு கார்டுல குறிப்பிட்ட ஒண்ணு இருக்க கிட்டத்தட்ட 40 சதவீதம். ரெண்டும் இருக்க? 20ன்னு தோணும், இல்ல, 14ல இருந்து 15 சதவீதம்தான். மத்த ஆட்டத்துல பெரும்பாலும் ஒரு பாதிய கைல வெச்சுட்டு இன்னொரு பாதிக்கு காத்திருப்பீங்க, அந்த காத்திருப்புல டெக்கோட எட்டு கார்டு ஒண்ணுமே செய்யாது. ரெண்டுல ஒண்ணாவது தனியா உபயோகமா இருந்தா, இல்ல தேடி எடுக்கற கார்டும் டிரா கார்டும் நிறைய இருந்தா போடுங்க. நீங்க எழுதியிருக்கறத பாத்தா ரெண்டுமே இல்ல, அதனால இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: டிரெஷர் க்ரூஸ் எட்டு மானா கார்டு, அத எதுக்கு தடை பண்ணாங்கன்னு இன்னமும் புரியல சார்.

பதில்: எட்டுன்னு எழுதியிருக்கு, எட்டு குடுக்கறதில்ல. 2014ல கான்ஸ் ஆஃப் டார்கிர் செட்ல வந்தது, மூணு கார்டு டிரா, அதுல டெல்வ்ன்னு ஒரு வசதி, கிரேவ்யார்ட்ல (போட்டு முடிச்ச, செத்த கார்டுகள வைக்கற குவியல்) இருக்கற ஒவ்வொரு கார்ட நாடு கடத்தினாலும் ஒரு மானா குறையும், ஏழு வரைக்கும். மாடர்ன், லெகசி ஃபார்மட்ல ஒரு மானா ஸ்பெல்லா போட்டு தள்ளிட்டு, ஃபெட்ச் லேண்டையும் (பலி குடுத்தா டெக்ல இருந்து வேற லேண்ட எடுத்து தர்ற லேண்ட்) பலி குடுத்து, கொஞ்ச டர்ன்லயே கிரேவ்யார்ட் நிரம்பிடும். குப்பன்னு இருந்த அந்த கார்டுகள்தான் காசு. ஒரே ஒரு நீல மானாக்கு மூணு கார்டுன்னு ஆயிடுச்சுன்னா அது எந்த கார்டுன்னு உங்களுக்கே தெரியும், ஆன்செஸ்ட்ரல் ரீகால், முதல் பதில்லயே பாத்தோம். 2015 ஜனவரில ரெண்டு ஃபார்மட்லயும் தடை. ஆனா ஸ்டாண்டர்ட்ல அத தடை பண்ணல, அங்க கிரேவ்யார்ட் அவ்ளோ வேகமா நிரம்பறதில்ல, நல்ல கார்டா மட்டும் இருந்துச்சு. எந்த ஃபார்மட்னு சொல்லாம ஒரு கார்ட நல்லதுன்னோ மொக்கன்னோ சொல்றது அரை பேச்சுதான்.

கேள்வி: எத்தன ஆட்டம் ஆடி பாத்தா ஒரு கார்ட பத்தி முடிவு பண்ணலாம்?

பதில்: ஜெயிச்சோமா தோத்தோமான்னு மட்டும் பாத்தா ரொம்ப நிறைய ஆட்டம் வேணும். ரெண்டு பேருக்கும் சரிசமமான வாய்ப்பு இருக்கற டெக்க வெச்சு பத்து ஆட்டம் ஆடினாலும், சும்மா அதிர்ஷ்டத்துலயே ஏழோ அதுக்கு மேலயோ ஜெயிக்கற வாய்ப்பு 17 சதவீதம் இருக்கு. அதனால "புது கார்டு போட்டேன், பத்துக்கு ஏழு ஜெயிச்சேன்"ங்கறது ஒண்ணையும் நிரூபிக்கல, அந்த ஏழுல பாதி ஆட்டத்துல அந்த கார்டு கைக்கே வந்திருக்காது.

வேற ஒண்ணு பண்ணுங்க. ஒரு பேப்பர வெச்சுக்கங்க, அந்த கார்டு கைக்கு வர்ற ஒவ்வொரு தடவயும் ரெண்டு விஷயம் எழுதுங்க, எந்த டர்ன்ல வந்துச்சு, அப்ப அதுக்கு பதிலா டெக்ல இருக்கற வேற எந்த கார்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டாவது கேள்விக்கு திரும்ப திரும்ப ஒரே கார்டோட பேர எழுதறீங்கன்னா அந்த கார்டோட இன்னொரு காப்பிய உள்ள போட்டு இத வெளிய எடுங்க, நாலு காப்பி ஏற்கனவே இருந்தா அதே வேல செய்யற அடுத்த கார்ட தேடுங்க. "எதுவும் வேண்டாம், இதுவே போதும்"னு எழுதற தடவதான் அதிகம்னா கார்டு நின்னுடுச்சு. கைல வந்தும் போடாமயே ஆட்டம் முடிஞ்ச தடவைகளையும் கண்டிப்பா எழுதுங்க, தோத்த கோபத்துல அத எழுதாம விட்டுடுவோம், ஆனா காஸ்ட் எவ்ளோ அதிகம்னு சரியா காட்டறது அந்த வரிகள்தான்.